கலேவெலயில் கிடைத்த பற்றுச்சீட்டு

சென்ற மாதம் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு மேல் மருமகன் திருகோணமலையிலிருந்து அழைத்தான். அந்த நேரத்தில் ஊரிலிருந்து அழைப்பு வந்தால் நெஞ்சு சற்றுப் பதைக்கத்தான் செய்கிறது. நல்லவேளை, விடயம் கார் பற்றியது. ஐந்து ஆண்டுகளாக மூடிக்கிடந்த வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிடப்பட்டபின், வங்கியிலும் லீசிங்கிலும் கடன்பட்டுப் புதிய கார் ஒன்று வாங்கியிருக்கிறான். எங்கள் குடும்பத்தில் பெட்டி பிரிக்காத புதுக் கார் வாங்கிய இரண்டாவது ஆள் அவன். முதலாவது ஆள் நான்.

"மாமா, கொம்பனிக்காரர் ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒருக்கா ஒயில் மாத்த வரச் சொல்லுறாங்கள். காரோட வந்த புத்தகத்தில பத்தாயிரம் எண்டு கிடக்கு. இஞ்ச பக்கத்துக் கராஜில அரைவாசிக் காசுக்குச் செய்து தரலாம் எண்டுறாங்கள். வெளியில செய்தா வொரன்டி போயிடுமா?"

ஒரே மூச்சில் மூன்று கேள்விகள். மூன்றுக்கும் நான் அனுபவப்பட்டவன் என்பது அவனுக்குத் தெரியும். அந்த அனுபவத்தின் ஒரு பகுதியை மட்டும் அவனுக்கு நான் சொன்னதில்லை. வேறு எவருக்கும் சொன்னதில்லை. இப்போது எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

என் காரை நான் வாங்கியது 2019 நவம்பரில். ஆயிரம் சி.சி. அளவுள்ள சிறிய கார். முப்பது ஆண்டுகள் பத்திரிகையில் எழுதிச் சேர்த்தது முற்பணத்துக்குத்தான் போதுமாயிருந்தது, மிகுதி லீசிங். நம் நாட்டில் ஓடும் கார்களில் பெரும்பகுதி ஜப்பானில் ஓடிப் பழகி இங்கே வந்தவை. அவற்றுக்குத் தயாரிப்பாளரின் உத்தரவாதம் என்று பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை, விற்றவரின் வாய்ச்சொல்தான் உத்தரவாதம். ஆகவே முகவர் நிலையத்தில் என் கையில் தரப்பட்ட சிறு புத்தகத்தை ஏதோ பட்டமளிப்புச் சான்றிதழ்போலப் பெற்றுக்கொண்டேன். மூன்று ஆண்டுகள் அல்லது ஒரு இலட்சம் கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம். முதல் ஆயிரத்தில் ஒரு சேர்விஸ், பின்னர் 5,000 கிலோமீற்றருக்கு ஒன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒன்று. அதிலும் எது முந்துகிறதோ அது. புத்தகத்தை மேசை லாச்சியில் பத்திரமாக வைத்தேன். வாசிக்கவில்லை. பேராதனையில் கலைப்பட்டம் பெற்றவன், உலகத்து உடன்படிக்கைகளை எல்லாம் வரிவரியாக வாசித்துச் செய்தி எழுதியவன், தான் கையொப்பமிட்ட உடன்படிக்கையை மட்டும் வாசிக்கவில்லை.

அந்தக் காலத்தில் அக்கா திருகோணமலையில் சிறுநீரக நோயோடு போராடிக்கொண்டிருந்தார். மருமகன் வெளிநாட்டில் வேலையாக இருந்தான். எனவே மாதத்துக்கு இரண்டு தடவை, சில மாதங்களில் மூன்று தடவை, கொழும்பிலிருந்து ஊருக்கு ஓடவேண்டியிருந்தது. போய்வர ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல். பத்துத் தடவை போய்வந்தால் ஒரு சேர்விஸ் வந்துவிடும். இடையே 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வாரக்கணக்காகக் கார் அசையாமல் நின்றது. அப்போது நான் நினைத்தேன், ஓடாத காருக்கு ஒயில் எதற்கு மாற்றவேண்டும் என்று. உங்களிலும் பலர் இப்படித்தான் நினைப்பீர்கள்.

ஒயிலுக்கு வயது கிலோமீற்றரில் மட்டும் ஏறுவதில்லை. என்ஜினுக்குள் அது உராய்வைத் தடுப்பதோடு வெப்பத்தை வாங்கி வெளியேற்றுகிறது, கரியையும் உலோகத் துகளையும் தனக்குள் கரைத்துச் சுமக்கிறது, எரிதலில் உண்டாகும் அமிலத்தைத் தணிக்கிறது. இந்த வேலைகளுக்காக அதில் கலந்துள்ள இரசாயனச் சேர்மானங்கள் மெல்ல மெல்லத் தீர்ந்துபோகின்றன. கடைக்கும் கோயிலுக்குமாக இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓடி நிற்கும் காரில் நிலைமை இன்னும் மோசம். என்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. உள்ளே படியும் ஈரமும் எரியாத பெற்றோலும் ஆவியாகிப் போகாமல் ஒயிலோடு கலந்து நிற்கும். நாளடைவில் அது களிபோலத் திரண்டு நுண்ணிய பாதைகளை அடைக்கும். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும் கார், அதே தூரத்தை நகரத்து நெரிசலில் ஊர்ந்த காரைவிட ஒயிலுக்குக் குறைந்த துன்பமே கொடுக்கிறது. மாதக் கணக்கு அந்தப் புத்தகத்தில் ஏன் இருக்கிறது என்பது இதனால்தான். நிறம் கறுத்துவிட்டது என்று ஒயிலைக் குறை சொல்வதும் சரியல்ல. கறுத்த ஒயில் பல வேளைகளில் அழுக்கைச் சுமக்கும் தன் கடமையைச் செய்திருக்கும் ஒயில்.

இவற்றை எனக்குச் சொல்லித்தந்தவர் எந்த முகவரும் அல்லர். கலேவெல நானா.

கொழும்பிலிருந்து திருகோணமலைக்குப் போகிறவர்கள் குருநாகல் தாண்டியபின் இப்பாகமுவ, மெல்சிரிபுர என்று வரும் சிறு பட்டினங்களில் ஒன்றாகக் கலேவெலயையும் கடந்துபோவார்கள். தம்புள்ளைக்குச் சற்று முன்னே, மாத்தளை மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. சிங்களத்தில் 'கல' பாறை, 'வெல' வயல். இரண்டும் அங்கே உண்டு. சிங்களக் கிராமங்களும் தமிழ் பேசும் முஸ்லிம் கிராமங்களும் அருகருகே இருக்கும் பகுதி. தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிப்போகும் லொறிகள் இரவும் பகலும் அந்தத் தெருவில் ஓடுவதால் டயர் கடைகளுக்கும் கராஜ்களுக்கும் பஞ்சமில்லை. எத்தனையோ ஆண்டுகளாக அந்த வழியால் போய்வந்திருந்தும், தேநீர் குடித்ததைத் தவிர அந்த ஊரோடு எனக்கு வேறு உறவு இருந்ததில்லை.

2021 ஓகஸ்ட் 20ஆம் திகதி நாடு மீண்டும் மூடப்பட்டது. 25,000 கிலோமீற்றர் சேர்விசுக்கு நான் நாள் குறித்திருந்த அதே வாரம். முகவரின் சேர்விஸ் நிலையம் மூடிவிட்டது. அடுத்த சனிக்கிழமை, 28ஆம் திகதி, அக்காவுக்கு உடல்நிலை மோசமென்று செய்தி வந்தது. பத்திரிகையாளர் அட்டையோடு புறப்பட்டேன். கடமைக்கென்று தரப்பட்ட அனுமதியைச் சொந்த வேலைக்கு இழுத்து வளைத்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மீற்றரில் அப்போதே 26,000 தாண்டியிருந்தது. மெல்சிரிபுரவுக்கு அப்பால் ஒரு மேட்டில் ஏறும்போது ஒயில் விளக்கு ஒருமுறை மினுங்கி அணைந்தது. பின் இன்னொருமுறை மினுங்கியது.

கலேவெலயில் கதவை முழங்காலளவுக்குத் திறந்துவைத்திருந்த ஒரு கராஜில் நிறுத்தினேன். குனிந்து வெளியே வந்தவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். என் சிங்களத்தைக் கேட்டதுமே தமிழில் பேசத் தொடங்கிவிட்டார். எங்கள் கிழக்கிலே இப்படியான பெரியவரைக் 'காக்கா' என்போம். அந்தப் பக்கத்தில் 'நானா'. பெயரைப் போடவேண்டாம் என்று பின்னொருநாள் கேட்டுக்கொண்டார், ஆகவே நானா என்றே எழுதுகிறேன்.

காரைச் சமதரையில் நிறுத்தச் சொல்லி, என்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் காக்கவைத்தார். பிறகு ஒயில் அளக்கும் கம்பியை இழுத்துத் துணியில் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்துக் காட்டினார். கீழ்க் கோட்டுக்கும் கீழே நின்றது. "ஒயில் கொறஞ்சிருக்கு. ஊத்திட்டும் போகலாம், மாத்திட்டும் போகலாம். எத்தினயில மாத்தினீங்க?" என்றார். சொன்னேன். "அப்ப மாத்துவம்."

அவர் முதலில் கேட்டது காரின் புத்தகத்தை. அது கொழும்பில் லாச்சிக்குள். என் முகத்தைப் பார்த்துவிட்டு முன்மூடியைத் திறந்து, ஒயில் ஊற்றும் வாயின் மூடியில் பொறித்திருந்த எழுத்தைத் துடைத்து வாசித்தார். 5டபிள்யூ-30. முதல் எண் குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைச் சொல்வது, டபிள்யூ என்பது வின்டர். இரண்டாவது எண் என்ஜின் சூடேறியபின் அதன் தடிப்பைச் சொல்வது. "எங்கட நாட்டுல குளிரே இல்ல, கெட்டி ஒயில் ஊத்தினா நல்லம் எண்டு பழைய ஆக்கள் 20டபிள்யூ-50 கேப்பாங்க. பழைய வேனுக்குச் சரி. இந்தச் சின்ன என்ஜின் ஓட்டையெல்லாம் ஊசித் துவாரம், கெட்டி ஒயில் ஏற நேரம் எடுக்கும்" என்றார். முத்திரை உடையாத கேனை என் கண்முன்னே திருகித் திறந்தார். போலி ஒயில் புழங்கும் நாட்டில் அது சிறிய விடயமல்ல. பில்டரையும் மாற்றினார். வடித்தெடுத்த கறுப்பு ஒயிலை ஒரு பரலில் ஊற்றிவைத்தார். வேலிக் கட்டைக்குக் கறையான் பிடிக்காமல் பூச என்று ஆட்கள் வந்து வாங்கிப்போவார்களாம். மண்ணுக்கு அது நல்லதல்ல என்று சொல்ல வாயெடுத்தேன், அன்றைக்கு அவருக்கு உபதேசம் செய்யும் நிலையில் நான் இல்லை.

எல்லாம் முடிந்தபின் ஒரு காபன் கொப்பியை எடுத்து ஆறுதலாக எழுதினார். திகதி, காரின் இலக்கம், மீற்றரில் நின்ற எண், ஒயிலின் பெயர், தரம், மூன்று லீற்றர், பில்டர், கூலி. 26,140 என்று அவர் எழுதியதை நான் கவனிக்கக்கூட இல்லை. பற்றுச்சீட்டை மடித்துக் காரின் முன்பெட்டிக்குள் திணித்துவிட்டு அக்காவிடம் ஓடினேன்.

அடுத்த சேர்விஸை 2022 பெப்ரவரியில் முகவரிடமே செய்தேன். அதன்பின் நாடு போன போக்கு உங்களுக்குத் தெரியும். எரிபொருள் வரிசைகளில் இரவுகள் கழிந்தன. ரூபா சரிந்தது. ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனது. உதிரிப்பாகங்களின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அந்த மே மாதத்து இறுதியில்தான் என் கார் காலையில் கிளப்பும்போது சங்கிலி அடிப்பதுபோல் ஒரு சத்தம் போடத் தொடங்கியது. மீற்றரில் 34,000. உத்தரவாதம் முடிய இன்னும் ஆறு மாதம்.

முகவரிடம் கொண்டுபோனேன். இரண்டு நாள் கழித்துக் கடிதம் தந்தார்கள். 25,000 கிலோமீற்றர் சேர்விஸ் தங்கள் பதிவில் இல்லை, ஒயில் உரிய காலத்தில் மாற்றப்படாமையே கோளாறின் காரணம், ஆகவே உத்தரவாதம் செல்லாது. திருத்துவதற்கான மதிப்பீடு நாலரை இலட்சம் ரூபா. என் ஐந்து மாதச் சம்பளம். அந்த ஆண்டில் அச்சுத்தாள் இல்லாமல் பத்திரிகைகளே பக்கங்களைக் குறைத்துக்கொண்டிருந்தன, ஐந்து மாதம் கழித்து எனக்குச் சம்பளம் இருக்குமா என்பதே தெரியாது.

"கலேவெலயில் மாற்றினேன்" என்றேன். மேசைக்கு அப்பால் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் கேட்டார்: "பில் இருக்கா சேர்?"

முன்பெட்டியைக் குடைந்தேன். வீட்டை இரண்டு தடவை புரட்டினேன். பற்றுச்சீட்டு இல்லை. ஆதாரம் கையில் இல்லாமல் ஒரு வரி எழுதக்கூடாது என்று இளம் நிருபர்களுக்கு வகுப்பெடுத்தவன் நான்.

ஜூன் முதல் வாரம் புறக்கோட்டையில் திருகோணமலை பஸ் ஏறினேன். பெற்றோல் இல்லாததால் நாடே பஸ்ஸில் தொங்கிய காலம். கலேவெல வரை நின்றபடியே பயணம். நானாவுக்கு என்னை நினைவில்லை, ஓகஸ்ட் ஊரடங்கு என்றதும் காரை நினைவு வந்தது. பின்பக்கம் போய் ஒரு பெரிய பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்தார். உள்ளே ஆண்டுவாரியாக நூல் கட்டிய காபன் கொப்பிகள். பத்து நிமிடத்தில் அந்தப் பக்கம் கிடைத்தது. நீல மை சற்று மங்கியிருந்தாலும் எழுத்துத் தெளிவு.

அப்போதுதான் 26,140 என்ற எண் என் கண்ணில் பட்டது. 25,000 இல் செய்யவேண்டியதை 1,140 கிலோமீற்றர் பிந்திச் செய்திருக்கிறேன். இதைக் கொண்டுபோய்க் காட்டினால் 'பிந்திவிட்டது' என்று அவர்களே சொல்வதற்கு நானே எழுத்தில் சான்று கொடுத்ததாகும்.

இதுவரை எவருக்கும் சொல்லாத பகுதி இது. நான் நானாவிடம் கேட்டேன். "நானா, இதை 25,140 என்று போட்டுப் புதிதாக ஒரு பில் எழுதித் தரமுடியுமா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தின் முனையால் துடைத்தார். "தம்பி, நீங்க பேப்பர்ல எழுதுற ஆள்தானே?" என்றார். குத்திக்காட்டும் தொனி அதில் இல்லை, உண்மையில் சந்தேகம் கேட்பவரைப்போலத்தான் கேட்டார். பிறகு கொப்பியின் அடுத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க, அடுத்த நம்பர் இன்னொரு ஆள்ட வேன். அதுக்குப் பொறகு லொறி. நடுவுல நான் எங்க எழுதுற? இத அப்படியே ஃபோட்டோக் கொப்பி அடிச்சுக் கொண்டு போங்க. மூல கொப்பி பாக்கணும் எண்டா என்னோட கதைக்கச் சொல்லுங்க."

தெருவுக்கு அப்பால் இருந்த கடையில் பிரதி எடுத்துக்கொண்டேன். மின்வெட்டு முடியும்வரை அங்கே ஒரு மணி நேரம் நின்றேன். திரும்பிவரும்போது பஸ்ஸில் இருக்கை கிடைத்தும் எனக்குச் சரியாக உட்கார முடியவில்லை.

அன்றிரவு முதன்முறையாக அந்தப் புத்தகத்தை முழுதாக வாசித்தேன். வெளியே சேர்விஸ் செய்தால் உத்தரவாதம் அற்றுப்போகும் என்று அதில் எங்கும் இல்லை. பொருத்தமான தரத்து ஒயிலைக் குறித்த இடைவெளியில் மாற்றவேண்டும், அதற்கான பதிவைக் காட்டவேண்டும், கவனக்குறைவினால் விளைந்த கோளாறுக்குப் பொறுப்பில்லை. அவ்வளவுதான். 'விளைந்த' என்ற அந்த ஒரு சொல்லில்தான் என் வழக்கே நின்றது. ஒயில் பிந்தியது உண்மை. ஆனால் கோளாறு அதனால் விளைந்ததா?

இது எனக்கு மட்டும் வந்த தகராறு அல்ல. அமெரிக்காவில் 1975இலேயே மக்னசன்-மொஸ் என்ற உத்தரவாதச் சட்டம் வந்துவிட்டது. இலவசமாகத் தந்தாலன்றி, எங்கள் நிலையத்தில்தான் செய்யவேண்டும், எங்கள் பாகத்தைத்தான் போடவேண்டும் என்று உத்தரவாதத்தை முடிச்சுப்போட்டு வைக்க முடியாது என்பது அதன் சாரம். ஐரோப்பிய ஒன்றியமும் 2010இல் கொண்டுவந்த விதிகளில் அதே நிலைப்பாட்டை எடுத்தது. இந்தியாவில் போட்டி ஆணையம் 2014 ஓகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி இந்திய ரூபா அபராதம் விதித்த தீர்ப்பில், வெளியாரிடம் திருத்தினார் என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை ஒட்டுமொத்தமாக இரத்துச் செய்யும் நிபந்தனை கூடாது என்று பணித்தது. அபராதத்தை எதிர்த்து நிறுவனங்கள் மேன்முறையீட்டுக்குப் போயின, அது வேறு கதை. நமது நாட்டில் இவ்வளவு துலக்கமாக மோட்டார் வாகனத்தைக் குறித்து ஒரு பணிப்புரையை நான் காட்ட முடியாவிட்டாலும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை என்று ஒன்று இருக்கிறது. முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்கலாம். கொடுப்பேன் என்று எழுத்தில் சொல்லவும் செய்யலாம்.

எல்லாக் குற்றமும் கார்க்காரரது என்று நிறுவனங்கள் சொல்வதும் புதிதல்ல. 1997 முதல் 2002 வரை வெளிவந்த டொயோட்டாவின் சில என்ஜின்களில் ஒயில் களியாகத் திரண்டு அமெரிக்காவில் பெரிய பிரச்சினை கிளம்பியது. உரிமையாளர்கள் ஒயிலை ஒழுங்காக மாற்றவில்லை என்பதே நிறுவனம் முதலில் சொன்ன விளக்கம். ஒழுங்காக மாற்றினோம் என்று சொன்னவர்களிடம் பற்றுச்சீட்டுக் கேட்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்தபின் 2002இல், விற்ற நாளிலிருந்து எட்டு ஆண்டுகளுக்கு அந்தக் கோளாறைத் தானே பொறுப்பேற்பதாக அறிவித்தது. ஏறத்தாழ 33 இலட்சம் வாகனங்கள். வழக்கு 2007இல் இணக்கத்தில் முடிந்தது. இதை வாசித்தபோது, உலகத்தின் மிகப் பெரிய கார் நிறுவனங்களுள் ஒன்றோடு வழக்காடியவர்களுக்கும் எனக்கும் தேவைப்பட்டது நானாவின் பிஸ்கட் தகரம்தான் என்று எண்ணிச் சிரித்தேன். அந்த மாதத்தில் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

முகவரின் தலைமையகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். பத்திரிகையின் பெயர் அச்சிட்ட தாளில் எழுதலாமா என்று ஒரு கணம் கை நீண்டது. நீட்டிய கையை மடக்கினேன், கலேவெலயில் ஒருமுறை வெட்கப்பட்டது போதும். 1,140 கிலோமீற்றர் பிந்தியதை நானே முதல் வரியில் எழுதினேன். நாடு மூடியிருந்த திகதிகளைக் குறிப்பிட்டேன். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்தேன். கோளாறு ஒயிலால்தான் வந்தது என்றால் என் முன்னிலையில் என்ஜினைத் திறந்து காட்டுங்கள் என்று கேட்டேன். மறுத்தால் அதிகாரசபைக்குப் போவேன் என்பது கடைசி வரி.

ஒன்பதாம் நாள் கூப்பிட்டார்கள். மேசையில் என் கோவை திறந்திருந்தது. தொழில்நுட்ப முகாமையாளர் என் பற்றுச்சீட்டுப் பிரதியையும், 2022 பெப்ரவரியில் நான் சேர்விசுக்கு விட்டபோது அவர்களது ஆள் நிரப்பிய வேலை அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அட்டையின் கீழ்மூலையில் ஒரு வரி: 'இறுதி ஒயில் மாற்றம் 26,140, வெளியே.' அன்றைக்குக் கேட்டிருப்பார்கள், பற்றுச்சீட்டு அப்போது முன்பெட்டியில் இருந்திருக்கும், பார்த்துச் சொல்லியிருப்பேன். ஒருவேளை அவர்களிடமே தவறியிருக்கலாம். எனக்கு எதுவும் நினைவில்லை.

"எண் பொருந்துகிறது" என்றார் முகாமையாளர். எனக்குக் கைகால் குளிர்ந்தது. நானா மட்டும் அன்று நான் கேட்டதுபோல் 25,140 என்று எழுதித் தந்திருந்தால், அந்த மேசையில் இரண்டு தாள்களும் அருகருகே கிடந்திருக்கும்.

என்ஜினின் மேல்மூடியை என் கண்முன் கழற்றினார்கள். உள்ளே தேன் நிறத்தில் மெல்லிய படலம், அவ்வளவுதான். களி இல்லை, கரிக்கட்டி இல்லை. ஒயில் பட்டினி கிடந்த என்ஜின் இப்படி இருக்காது என்பதை இளம் மெக்கானிக் ஒருவர் மேலதிகாரி இருப்பதை மறந்து வாய்விட்டே சொல்லிவிட்டார். பழுதடைந்திருந்தது டைமிங் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் சிறு உறுப்பு. பாகங்களை இலவசமாகத் தந்தார்கள், கூலியில் பாதியை நான் கட்டினேன். கடிதத்தில் 'நல்லெண்ண அடிப்படையில்' என்று போட்டிருந்தார்கள். உரிமை அடிப்படையில் என்று மாற்றச் சொல்லி இன்னொரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பிந்திப்போனவன் நானும்தானே.

மருமகனுக்கு அன்றிரவு இத்தனையும் சொல்லவில்லை. கேட்ட மூன்றுக்கும் பதில் சொன்னேன். ஐயாயிரமா பத்தாயிரமா என்றால், இரண்டும் ஒரே புத்தகத்தில் இருக்கும், பக்கத்தைப் புரட்டிப் பார் என்றேன். பெரிய எழுத்தில் இருக்கும் பத்தாயிரம் சாதாரண ஓட்டத்துக்கு. சிறிய எழுத்தில் 'கடும் பாவனை' என்று ஒரு பட்டியல் இருக்கும்: புழுதித் தெரு, குறுகிய ஓட்டம், கடும் வெயிலில் நெரிசல், பாரம் இழுத்தல். அதற்கு இடைவெளி அநேகமாகப் பாதி. வீட்டிலிருந்து நான்கு கிலோமீற்றரில் அலுவலகம் போய்வருகிறவன், திருகோணமலை வெயிலில், எந்தப் பட்டியலில் வருகிறான் என்பதை அவனே தீர்மானிக்கட்டும். எல்லாக் காருக்கும் ஐயாயிரம் என்பதும் வேதவாக்கு அல்ல. மூவாயிரம் மைல் என்ற பழைய அமெரிக்கப் பழக்கம் ஒயிலின் தரம் குறைவாக இருந்த காலத்தது. அதைக் கைவிடச் சொல்லிக் கலிபோர்னியா மாநில அரசே பிரசாரம் செய்திருக்கிறது. ஆனால் உள்ளூர் முகவர் தந்த உத்தரவாதப் புத்தகத்தில் ஐயாயிரம் அல்லது ஆறு மாதம் என்று அச்சில் இருந்தால், உத்தரவாதம் முடியும்வரை அதுதான் ஒப்பந்தம். வாயால் சொன்னால் எழுதித் தரச் சொல் என்றேன்.

பக்கத்துக் கராஜில் செய்யலாமா என்பதற்கு, புத்தகத்தில் தடை இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். தடை இல்லையென்றால் செய்யலாம், ஆனால் அந்தக் கராஜ்காரரிடம் ஒயில் பற்றிக் கேட்குமுன் பில் கொப்பி இருக்கிறதா என்று கேள் என்றேன். திகதி, கார் இலக்கம், மீற்றர் எண், ஒயிலின் தரம், அளவு, பில்டரின் இலக்கம், கையொப்பம். வாங்கிய கையோடு கைத்தொலைபேசியில் படம் எடுத்து எனக்கும் அனுப்பிவிடு என்றேன். "உங்களுக்கு ஏன் மாமா?" என்றான். நான் தொலைத்துவிடுவேன் என்று அவன் பயப்படுவது நியாயம்தான்.

என் காரின் உத்தரவாதம் 2022 நவம்பரில் முடிந்தது. அதற்கு முன்பே அக்கா போய்விட்டார். ஊருக்குப் போவது இப்போது ஆண்டுக்கு நான்கைந்து தடவைதான், எனவே எனக்கும் கிலோமீற்றரை மாதம் முந்திவிடுகிறது. போகும் வழியில் கலேவெலயில் நிறுத்துகிறேன். நானாவின் மகன்தான் இப்போது காருக்குக் கீழே படுக்கிறார். நானா வெளியே கதிரையில் இருந்து பில் எழுதுகிறார். கடைசியாக அங்கே போனது சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் வாரம். மீற்றரைத் தானே எழுந்துவந்து குனிந்து வாசித்தார், நான் சொன்ன எண்ணை எழுதவில்லை.